இன்னும் ஒரு வாய் வேண்டாம்: சிறு குழந்தைகளுக்கு நல்ல சாப்பாட்டுப் பழக்கம் அமைய ஒரு முழுமையான வழிகாட்டி

என் மூத்த மகளுக்கு அப்போது ஒன்றேகால் வயது. மசித்த பட்டாணியை ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். உதடுகள் இறுக மூடிக்கொண்டன. தலை இடப்பக்கம் திரும்பியது, பிறகு வலப்பக்கம். ஸ்பூனும் கூடவே போனது. கன்னத்தில் பச்சையாக ஒரு கோடு விழுந்தது. "இன்னும் ஒரே ஒரு வாய்டா தங்கம்" என்றேன். ஏதோ சத்தம் கேட்டு அவள் வாய் திறந்த நொடியில் உள்ளே தள்ளிவிட்டேன். அவள் விழுங்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப என்னையே பார்த்தாள். பத்து நிமிடம் கழித்து அப்படியே துப்பினாள். அதன்பிறகு ஏறத்தாழ ஒரு வருடம், தட்டில் பச்சையாக எது தெரிந்தாலும் நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்விடுவாள்.

பிள்ளை சாப்பிடவில்லை என்றால் பெற்றவர்களுக்கு வேறு எதிலும் மனம் ஓடாது. அந்தப் பயத்தில்தான் அன்று அந்த ஸ்பூனைத் தள்ளினேன். இரண்டாவது பிள்ளை பிறப்பதற்குள் நிறையப் படித்தேன், குழந்தை மருத்துவரிடம் நிறையக் கேட்டேன், பழகிய முறையை மாற்றினேன். அப்படிக் கற்றதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பது குழந்தையின் வயிற்றுக்குத் தெரியும். அந்த அறிவைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதே நம் பெரிய வேலை.

1. குழந்தையின் பசி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"முதல் பிறந்தநாள் வரைக்கும் நன்றாகச் சாப்பிட்டான், அதற்கப்புறம் எதையும் தொடுவதில்லை." குழந்தை மருத்துவர்கள் தினமும் கேட்கும் புகார் இது. இதற்குக் கணக்கு எளிது. பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் 9 கிலோ அளவில் இருக்கும். அதாவது எடை மும்மடங்காகிறது. இரண்டாவது வருடம் முழுவதற்கும் சேர்த்துக் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். அதன்பிறகு பள்ளிக்குப் போகும் வயது வரை வருடத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. உடம்பு சரியாகத்தான் வேலை செய்கிறது. நாம்தான் பழைய அளவை மனத்தில் வைத்துக்கொண்டு கிண்ணத்தை நிரப்புகிறோம்.

இன்னொன்று, சிறு பிள்ளைகள் ஒவ்வொரு வேளையும் ஒரே அளவு சாப்பிட மாட்டார்கள். காலையில் இரண்டு வாயோடு எழுந்துவிடுவார்கள், மாலையில் நாம் கொடுப்பதையெல்லாம் காலி செய்வார்கள். எனவே ஒரு வேளையை வைத்து எடை போடாதீர்கள். ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

இதைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஏறத்தாழ நூறு வருடம் பழையது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ், அப்போதுதான் பால்குடி மறந்துகொண்டிருந்த குழந்தைகள் முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகளிலிருந்து சிறு சிறு கிண்ணங்களில் எடுத்து வைத்தார். காய், பழம், தானியம், முட்டை, இறைச்சி, பால் எல்லாம் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்த செவிலியர் எதையும் ஊட்டவோ, 'இதைச் சாப்பிடு' என்று சொல்லவோ கூடாது. குழந்தை கை நீட்டினால் மட்டும் ஸ்பூனில் எடுத்துக் கொடுக்கலாம். 1928இல் முதல் முடிவுகளை வெளியிட்டார். 1939இல் மொத்தம் 15 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு குழந்தையும் வினோதமாகத்தான் சாப்பிட்டது. ஒரு வேளை முழுக்க முட்டை, இன்னொரு வேளை முழுக்கப் பழம். ஆனால் அத்தனை பேரும் ஆரோக்கியமாக வளர்ந்தார்கள். 'குழந்தை எதைக் கேட்டாலும் கொடுக்கலாம்' என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. டேவிஸே அதைத் தெளிவாகச் சொன்னார்: சூட்சுமம் அந்தப் பட்டியலில் இருந்தது. அதில் சர்க்கரை இல்லை, பதப்படுத்திய தின்பண்டம் இல்லை. பட்டியலைப் பெரியவர்கள் போட்டார்கள், தேர்வைக் குழந்தைகள் செய்தார்கள்.

2. உங்கள் வேலை எது, குழந்தையின் வேலை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் 1980களில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் ஆகிய மூன்றும் பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் பொறுப்பு.

படிக்க எளிது. கடைப்பிடிக்கும்போது பாதிநாள் தலைகீழாகிவிடும். குழந்தை 'பிஸ்கட்தான் வேணும்' என்றால் கொடுத்துவிடுகிறோம். நம் பொறுப்பைக் குழந்தையிடம் விட்டுவிட்டோம். 'போதும்' என்றால் 'இன்னும் இரண்டு வாய்' என்கிறோம். குழந்தையின் பொறுப்பை நாம் பிடுங்கிக்கொண்டோம். சாப்பாட்டு நேரம் கைமீறிப் போகிறது என்று தோன்றும்போதெல்லாம், யாருடைய வேலையை யார் செய்துகொண்டிருக்கிறார் என்று ஒரு கணம் யோசியுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை இருக்கும்.

போதும் என்பதைக் குழந்தைகள் பேச வருவதற்கு வெகு முன்பே சொல்லிவிடுகிறார்கள். தலையைத் திருப்புவது, உதட்டை மூடுவது, ஸ்பூனைத் தட்டிவிடுவது, நாற்காலியில் முதுகை வளைத்துப் பின்னால் சாய்வது, கிண்ணத்தில் கை விட்டுக் குழப்பி விளையாட ஆரம்பிப்பது. இவற்றில் எதைக் கண்டாலும் ஸ்பூனைக் கீழே வையுங்கள். ஒரு நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை கேளுங்கள். மீண்டும் தலை திரும்பினால் அந்த வேளை முடிந்தது.

3. ஆறாம் மாதத்தில் தொடக்கத்தைச் சரியாக அமையுங்கள்

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு திட உணவோடு சேர்த்து 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2 அல்லது 3 வேளை, 9ஆம் மாதத்திலிருந்து 3 அல்லது 4 வேளை, தேவைப்பட்டால் இடையில் ஒன்றிரண்டு சிறு தீனி.

ஆறாம் மாதத்தில் அவசரமாகத் தேவைப்படுவது இரும்புச்சத்து. பிறக்கும்போது உடம்பில் சேமித்து வந்தது அந்த நேரத்தில் கரைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இருப்பது மட்டும் போதாது. அதனால் முதல் உணவாக வெறும் பழக்கூழையும் மாவுக் கஞ்சியையும் மட்டும் மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள். நன்கு வேகவைத்து மசித்த பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி, கீரை ஆகியவற்றைச் சீக்கிரமே சேருங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் ஒட்டாது. கூடவே ஆரஞ்சு, தக்காளி, கொய்யா போல வைட்டமின் சி உள்ள எதையாவது கொடுத்தால் நன்றாக ஒட்டும். தேநீர் அதைத் தடுக்கும். சிறு குழந்தைக்குத் தேநீர் வேண்டவே வேண்டாம்.

கெட்டித்தன்மையிலும் கவனம் வேண்டும். ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்தோடாமல் நிற்க வேண்டும். தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. மிக்ஸியில் அடித்த கூழிலேயே மாதக்கணக்கில் நிறுத்திவிடாதீர்கள். மசித்தது, பிறகு கரகரப்பாக மசித்தது, பிறகு சிறு துண்டு என்று நகருங்கள். எட்டாம் மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் மென்மையான துண்டுகளைத் தாங்களே எடுத்துச் சாப்பிடுவார்கள். ஒரு வயதில் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடலாம். மெல்லும் பழக்கத்துக்கென்று ஒரு பருவம் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் மூன்று வயதிலும் துண்டைக் கண்டால் ஓங்கரிப்பார்கள்.

ஒவ்வாமை தரும் என்று பயந்து முட்டை, வேர்க்கடலை போன்றவற்றை இரண்டு மூன்று வயது வரை தள்ளிப்போடச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலை உணவு கொடுக்கத் தொடங்கினார்கள், மறு பிரிவுக்குக் கொடுக்கவே இல்லை. 5 வயதில் பார்த்தபோது, சாப்பிட்ட பிரிவில் வேர்க்கடலை ஒவ்வாமை 81 சதவீதம் குறைவாக இருந்தது. எனவே ஆறு மாதத்துக்குப் பிறகு விழுதாக அரைத்துக் கஞ்சியிலோ கூழிலோ கரைத்துக் கொஞ்சமாகத் தொடங்கலாம். குழந்தைக்குக் கடுமையான தோல் அரிப்பு இருந்தாலோ, வேறு உணவுக்கு ஏற்கெனவே ஒவ்வாமை இருந்தாலோ, மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளிகூட வேண்டாம். நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, முதிராத குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். அதே வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை. நம் நாக்குக்குச் சப்பென்று இருப்பது அவர்களுக்குச் சப்பென்று இருப்பதில்லை.

4. தொண்டையில் அடைக்கும் பொருள்களைத் தெரிந்து வைத்திருங்கள்

முழு திராட்சை, முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கெட்டியான மிட்டாய், பச்சைக் கேரட் துண்டு, வட்டமாக நறுக்கிய சாசேஜ் ஆகியவை நான்கைந்து வயது வரை ஆபத்தானவை. திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுங்கள். கேரட்டை விரலால் நசுக்கினால் நசுங்கும் அளவு வேகவையுங்கள். ஓடிக்கொண்டோ, படுத்துக்கொண்டோ, வண்டியில் பின்னிருக்கையில் தனியாக உட்கார்ந்தோ சாப்பிட விடாதீர்கள்.

ஓங்கரிப்பையும் அடைப்பையும் பிரித்தறியப் பழகுங்கள். ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், முகம் சிவக்கும், நாக்கை வெளியே தள்ளும். தானே சரிசெய்துகொள்ளும், நாம் விரலை விட்டுத் தோண்டக் கூடாது. அடைத்துவிட்டால் சத்தம் வராது, இருமல் வராது, முகம் நீலம் பாயும். அந்த நிலையில் செய்யும் முதலுதவியை ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். படித்து மட்டும் வராது. வீட்டில் குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கும் ஒவ்வொருவரும் கற்றிருக்க வேண்டும்.

5. பசிக்க நேரம் கொடுங்கள்

ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று சொல்லப்படும் பிள்ளையின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். எட்டு மணிக்கு ஒரு டம்ளர் பால், ஒன்பதரைக்கு இரண்டு பிஸ்கட், பத்தரைக்கு ஜூஸ், பதினொன்றரைக்கு அழுகிறானே என்று கொஞ்சம் மொறுமொறு தீனி, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் ஏது? என் வீட்டிலும் இதுதான் நடந்தது. இரண்டு நாள் காகிதத்தில் குறித்த பிறகுதான் என் கண்ணிலேயே பட்டது.

மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறு தீனி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். நேரம் கடிகாரம்போல் அமைய வேண்டியதில்லை. வரிசை மாறாமல் இருந்தால் போதும். விளையாடிவிட்டு வந்தால் தீனி, தூங்கி எழுந்தால் சாப்பாடு என்று குழந்தைக்கு ஓர் ஒழுங்கு பிடிபட்டுவிடும். சாப்பிடாமல் எழுந்துபோன பிள்ளை அரைமணியில் வந்து 'பசிக்குது' என்றால், "அடுத்த சாப்பாடு தூங்கி எழுந்ததும்டா" என்று அன்பாகச் சொல்லுங்கள். மனம் கேட்காது. எனக்கும் கேட்கவில்லை. ஆனால் அந்த இடைவெளியைத் தாண்டிய பிள்ளை அடுத்த வேளை உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போது புரியும். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கோ, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கோ இது பொருந்தாது. அவர்களுக்குக் கேட்கும்போது கொடுக்க வேண்டும்.

பசியைக் கெடுப்பதில் முதலிடம் பாலுக்குத்தான். பால் நல்லது என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கியப் பானமாகக் கொடுக்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டர் போதும். அதைத் தாண்டிக் குடிக்கும் குழந்தைகள் இரத்தச் சோகையோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள். பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிறு நிறைந்துவிடுவதால் வேறு உணவும் உள்ளே போவதில்லை. புட்டியை ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் நிறுத்தி டம்ளருக்கு மாற்றிவிடுங்கள். பழச்சாறு ஒரு வயது வரை வேண்டாம் என்றும், 1 முதல் 3 வயதுக்குள் நாளுக்கு 120 மில்லியைத் தாண்டக் கூடாது என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் சொன்னது. என்னைக் கேட்டால் அந்த 120 மில்லியும் தேவையில்லை. பழத்தை அப்படியே கையில் கொடுங்கள்.

மலச்சிக்கலும் பசியைக் கொல்லும். மூன்று நாளாக வயிறு போகாத பிள்ளையிடம் சாப்பிடு என்று மல்லுக்கட்டிப் பயனில்லை. தண்ணீர், பழம், நார்ச்சத்து கொடுத்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

6. தட்டில் குறைவாக வையுங்கள்

ஒவ்வோர் உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று ஒரு கைக்கணக்கு உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு இரண்டு மேசைக்கரண்டி தானியம், இரண்டு காய், இரண்டு பருப்போ முட்டையோ. தட்டு வெறிச்சென்று தெரியும். தெரியட்டும். மலைபோல் குவிந்த தட்டைக் கண்டாலே சில பிள்ளைகளுக்குச் சாப்பிடும் ஆசை போய்விடுகிறது. காலி செய்துவிட்டு 'இன்னும்' என்று கேட்கும் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

ஒவ்வொரு வேளையும் குழந்தை நிச்சயம் சாப்பிடும் ஒரு பொருளாவது தட்டில் இருக்கட்டும். மற்றவை பழகாதவையாக இருக்கலாம். இப்படிச் செய்தால், 'வைத்ததைச் சாப்பிடவில்லையே, வேறு ஏதாவது செய்துதரட்டுமா' என்று தனிச் சமையலுக்கு ஓட வேண்டிய அவசியம் வராது. அந்தத் தனிச் சமையல் ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம்.

7. புதிய உணவைப் பலமுறை கண்ணில் காட்டுங்கள்

இந்தப் படிக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். பலன் தருவதும் இதுதான்.

இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் புது உணவைக் கண்டு ஒதுங்குவது பெரும்பாலான பிள்ளைகளின் இயல்பு. நடக்கப் பழகிய குழந்தை கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளாமல் காக்கும் எச்சரிக்கை உணர்வு அது என்று விளக்குகிறார்கள். கசப்பை ஒதுக்குவதும் இனிப்பைத் தேடுவதும் பிறவியிலேயே வருபவை. அதனால் கீரை தோற்று வாழைப்பழம் ஜெயிப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்த எச்சரிக்கையைக் கரைப்பது பழக்கம் ஒன்றுதான். அமெரிக்க உளவியலாளர் லீயான் பர்ச் 1980களின் தொடக்கத்திலிருந்து இதைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புது உணவைப் பலமுறை ருசிக்கக் கொடுத்தபோது, முறை கூடக்கூட விருப்பமும் கூடியது. பத்து முறை அளவில் மாற்றம் தெரிகிறது. சில பிள்ளைகளுக்குப் பதினைந்தும் ஆகும். நாமோ மூன்றாவது முறையிலேயே 'இவனுக்குக் கேரட் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதுவும் அவன் காதுபடவே.

என் மகனுக்குக் கேரட் பழகியதைக் குறித்து வைத்திருந்தேன். வேகவைத்து விரல் நீளத்துக்கு நறுக்கி, தட்டின் ஓரத்தில் ஒன்றே ஒன்று வைப்பேன். எதுவும் சொல்ல மாட்டேன். முதல் நாள் அதை உருட்டிக் கீழே தள்ளினான். இரண்டாவது, மூன்றாவது முறை தொடவில்லை. நான்காவது முறை எடுத்து என் தட்டில் போட்டான். ஆறாவது முறை இரு விரலால் நசுக்கினான். ஆரஞ்சு நிறம் விரலில் ஒட்டியதும் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு விரலை நக்கினான். எட்டாவது முறை நுனியைக் கடித்துத் துப்பினான். துப்ப ஒரு சின்னக் கிண்ணம் பக்கத்தில் வைத்திருந்தேன். துப்பலாம் என்று தெரிந்தால்தான் வாயில் வைக்கும் தைரியம் வரும். பதினொன்றாவது முறை தின்றான். நான் அப்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது தட்டின் ஓரம் காலியாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று வைத்தேன்.

பார்ப்பது, தொடுவது, முகர்வது, நசுக்குவது, நக்குவது, கடித்துத் துப்புவது, விழுங்குவது. இத்தனை படிகள் இருக்கின்றன. நாம் கடைசிப் படியை மட்டும் எண்ணிக்கொண்டு மற்றதெல்லாம் வீண் என்று நினைக்கிறோம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மிகச் சிறிய அளவில், பசியுள்ள வேளையில் வையுங்கள். வடிவத்தையும் மாற்றிப் பாருங்கள்: மசித்ததை மறுத்த பிள்ளை வதக்கியதை விரும்பலாம். காயைக் கூழாக்கி வேறு எதிலாவது மறைத்துக் கொடுத்தால் அன்றைய சத்து சேரும், ஆனால் காயோடு பழக்கம் ஏற்படாது. அப்படிச் செய்யும் நாளிலும் அதே காய் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துண்டு தட்டில் இருக்கட்டும்.

8. பேச்சைக் குறையுங்கள்

சாப்பாட்டு நேரத்தில் நாம் சொல்வதைப் பதிவு செய்து கேட்டால் நமக்கே மூச்சுமுட்டும். "வாயைத் திற, மெல்லு, முழுங்கு, சீக்கிரம், பக்கத்து வீட்டுப் பையனைப் பார், இதைச் சாப்பிட்டால் சாக்லேட், சாப்பிடாவிட்டால் ஊசி."

பரிசு வேலை செய்வதுபோலத் தோன்றும். அன்றைக்கு அந்த ஒரு வாய் உள்ளே போய்விடும். ஆனால் 1984இல் பர்ச் குழுவினர் செய்த சோதனையில், ஒரு பானத்தைக் குடித்தால் பரிசோ பாராட்டோ கிடைக்கும் என்று சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கு, பிறகு அந்தப் பானத்தின் மேலிருந்த விருப்பமே குறைந்துபோனது. பிள்ளைகளின் தர்க்கம் நேர்மையானது: லஞ்சம் கொடுத்துத் தின்னச் சொல்கிறார்கள் என்றால் அது நல்ல பொருளாக இருக்க முடியாது, லஞ்சமாகக் கொடுக்கும் சாக்லேட்தான் உலகிலேயே உயர்ந்தது. வற்புறுத்தலும் அப்படித்தான். 2006இல் வெளியான ஆய்வில், சூப்பைக் குடித்து முடிக்கச் சொல்லி வற்புறுத்தப்பட்ட பிள்ளைகள், சும்மா விடப்பட்ட நேரத்தை விடக் குறைவாகவே குடித்தார்கள், அதைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள்.

அப்படியானால் என்ன பேசுவது? உணவைப் பற்றித் தீர்ப்பு இல்லாமல் பேசலாம். "இது மொறுமொறுன்னு சத்தம் போடுது, கேளு." "நேத்து வெச்சது சிவப்பு, இது மஞ்சள்." "வேணாம்னா ஓரமா வெச்சிடு." கடைசி வாக்கியத்தை அடிக்கடி சொல்லுங்கள்; அது குழந்தையின் தோளிலிருந்து பெரிய பாரத்தை இறக்கிவிடும். மிச்சம் உள்ள நேரத்தில் பூனையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுங்கள்.

9. இனிப்பைப் பூதமாக்காமல் அளவில் வையுங்கள்

இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரை வேண்டாம். அதற்கு மேல் 18 வயது வரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ 6 தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் சொன்னது. ஒரு சிறிய புட்டிக் குளிர்பானமே அதைத் தாண்டிவிடலாம். சத்து மாவு, சுவையூட்டிய தயிர், காலையுணவுப் பொட்டலங்கள் எதுவானாலும் பின்புறம் திருப்பிப் பாருங்கள். முதல் மூன்று பொருள்களுக்குள் சர்க்கரை இருந்தால், அது மிட்டாய் வகை என்றே நான் கணக்கு வைக்கிறேன்.

அதேசமயம், அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு தொடாதே என்றாலும் ஆசை பெருகும். கண்ணெதிரே வைத்துக்கொண்டு தடுத்த தின்பண்டத்தின் மேல்தான் பிள்ளைகளின் கவனம் இன்னும் அதிகமாகத் திரும்புகிறது என்று 1999இல் பர்ச்சும் ஜெனிபர் பிஷரும் காட்டினார்கள். எனவே வீட்டில் வாங்கி அடுக்காதீர்கள். விசேஷ நாளில், வெளியே போகும் நாளில், சாதாரணமாகக் கொடுங்கள். தரும்போது ஒரு சின்னப் பங்காக, சாப்பாட்டோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். சாப்பிட்டு முடித்தால்தான் என்று நிபந்தனை போட்டால் அது மறுபடியும் பரிசாகிவிடும்.

10. திரையை அணைத்துவிட்டுக் கூட உட்காருங்கள்

செல்போனைக் காட்டி ஊட்டினால் கிண்ணம் காலியாகும். குழந்தை என்ன தின்றது, வயிறு நிறைந்ததா என்பது அதற்கே தெரியாது. வயிற்றின் அறிவைக் காப்பதே நம் வேலை என்று தொடக்கத்தில் சொன்னேன். அதை அணைக்கும் பொத்தான் இந்தத் திரைதான். ஏற்கெனவே பழகிவிட்டதென்றால் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம், ஒரு வேளையிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் வீட்டில் எல்லாரும் இருக்கும் வேளை எளிது. நம் செல்போனும் அப்போது வேறு அறையில் இருக்க வேண்டும்.

கூட உட்கார்ந்து அதையே நாமும் சாப்பிடுவதற்கு ஈடான பாடம் இல்லை. பிள்ளை காய் தின்ன வேண்டும் என்று ஆசைப்படும் அப்பா, தன் தட்டில் காயை ஒதுக்கினால் பிள்ளை அதைத்தான் கற்றுக்கொள்ளும். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் போதும். அதற்குமேல் உட்கார வைத்தால் எதிர்ப்புதான் வளரும்.

11. கையில் வேலை கொடுங்கள்

இரண்டு வயதில் கீரை ஆய்வார்கள், பட்டாணி உரிப்பார்கள். மூன்று வயதில் மாவு பிசைவார்கள். ஐந்து வயதில் மழுங்கிய கத்தியால் வாழைப்பழம் நறுக்குவார்கள். சமையலறை அழுக்காகும், நேரம் இரட்டிப்பாகும். ஆனால் பட்டாணியைக் கண்டு ஓடிய என் மகளைத் திரும்பக் கொண்டுவந்தது இதுதான். மூன்று வயதில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து தோலை விரலால் கீறித் திறந்து, "அம்மா, உள்ள ஆறு பேர் தூங்கறாங்க" என்றாள். ஒருவரை எழுப்பி வாயில் போட்டுக்கொண்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பட்டாணியை உரித்தேன்.

12. வீட்டிலுள்ள எல்லாரையும் ஒரே வழிக்குக் கொண்டுவாருங்கள்

இது பல வீடுகளில் முட்டிக்கொள்ளும் இடம். என் அம்மாவும் "ரெண்டு வாய்கூடச் சாப்பிடலையேடி, வயித்துல என்ன இருக்கும்?" என்று தட்டோடு பின்னால் போவார். அவருடைய பயம் என் பயத்தைவிடப் பழையது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "நீ வளர்த்தது தப்பு" என்ற தொனி வந்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். நான் செய்தது இது: அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அம்மாவையும் அழைத்துப்போனேன். வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு சரியாக ஏறுவதை அவரே பார்த்தார். பிறகு ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: "அவன் போதும்னா விட்டுடலாம்மா. மத்ததெல்லாம் உன் இஷ்டம்." காப்பகத்திலும் இதே ஒரு வரியைச் சொல்லி வையுங்கள்.

13. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

எடை கூடாமல் நின்றாலோ குறைந்தாலோ தாமதிக்காதீர்கள். வளர்ச்சி அட்டையில் குழந்தை எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைவிட, தன் கோட்டிலேயே ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவது, விழுங்கும்போது வலியில் அழுவது, தொடர்ந்து வாந்தி, முகம் வெளிறிச் சோர்வாக இருப்பது, மண்ணோ சுண்ணாம்போ தின்பது (இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம்) ஆகியவற்றுக்கும் காட்ட வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டுவந்த உணவுகளையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, இருபதுக்கும் குறைவான பொருள்களோடு நின்றுபோன பிள்ளைக்கு வெறும் பொறுமை போதாது. அங்கே அடம் என்பதைத் தாண்டிய காரணம் இருக்கலாம். உணவுப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள் இதற்கென்றே இருக்கிறார்கள்.

14. நாளையிலிருந்து எப்படித் தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போனால் வீடு தாங்காது. முதல் வாரம் எதையும் மாற்றாமல், குழந்தை தின்பதையும் குடிப்பதையும் நேரத்தோடு குறித்து வையுங்கள். இரண்டாவது வாரம் இடையில் உருளும் தீனியையும் கூடுதல் பாலையும் குறைத்து நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள். மூன்றாவது வாரம் 'இன்னும் ஒரு வாய்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதன்பிறகு ஒரே ஒரு புதுக் காயைத் தேர்ந்தெடுத்து, ஒரு துண்டு வைக்கத் தொடங்குங்கள்.

வற்புறுத்தலை நிறுத்திய முதல் சில நாள்களில் குழந்தை முன்பைவிடக் குறைவாகச் சாப்பிடலாம். 'வேண்டாம் என்றால் நிஜமாகவே விட்டுவிடுவார்களா' என்று சோதித்துப் பார்க்கும் நாள்கள் அவை. என் வீட்டில் ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் மதியம், நான் என் தட்டில் கவனமாக இருந்தபோது, காலிக் கிண்ணம் ஒன்று என் முழங்கைப் பக்கம் நகர்ந்து வந்தது.